அந்தப்புரத்து வரவு செலவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு தடிப் புத்தகத்தை முடித்தாள். மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அப்பா, நூர்ஜஹான் அவ்ளோ அழகா இல்லேன்னா என்னப்பா ஆயிருப்பா? கொன்னு போட்டிருப்பாங்களா?"

புத்தகம் இந்து சுந்தரேசன் எழுதிய 'தி ட்வென்டீத் வைஃப்'. 2002-ல் வந்த ஆங்கில நாவல். மெஹருன்னிசா என்ற பெண் பேரரசர் ஜஹாங்கீரின் இருபதாவது மனைவியாகி நூர்ஜஹான் ஆன கதை. நானும் படித்திருக்கிறேன். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத நடை. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மகள் கேட்ட கேள்விக்கு, கையிலிருந்த காபி ஆறும்வரை எனக்குப் பதில் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னேன். "அழகு அரண்மனைக்கு உள்ள கொண்டு போயிருக்கலாம்மா. உயிரோட வெச்சது அழகு இல்ல."

"பின்ன என்ன?"

"கணக்கு."

"ஆரம்பிச்சுட்டாருடா பேங்க் ஆபீசர்" என்று சமையலறையிலிருந்து தங்கமணி குரல். அதோடு பேச்சு நின்றுபோனது. அங்கே முடிக்க முடியாததை இங்கே முடிக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரச குடும்பத்துப் பெண்களைப் பற்றிய சரித்திர நாவல்களுக்கு ஒரு பொதுவான சமையல் குறிப்பு உண்டு. ஒரு அழகி. அவளைக் கண்டு மயங்கும் அரசன் அல்லது இளவரசன். அவளைப் பிடிக்காத மூத்த ராணி. திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கும் தோழி. கொஞ்சம் விஷம். ஒரு சுரங்கப் பாதை. நம் கல்கியின் நந்தினி முதல் இந்தி சினிமாவின் அனார்கலி வரை நாம் வளர்ந்தது இந்தச் சாப்பாட்டில்தான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மூன்று முறை படித்தவன் நான். ஆகவே பழிப்பது என் வேலை இல்லை.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். இந்த நாவல்கள் ஆபத்தைச் சரியாகக் காட்டுகின்றன. அந்தப் பெண்கள் அதிலிருந்து எப்படித் தப்பித்தார்கள் என்பதைத் தப்பாகக் காட்டுகின்றன. படிக்கிற நம் பெண் பிள்ளைகள் மனதில் தங்குவது அந்த இரண்டாவது விஷயம்.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். அது நாவலில் வருவதைவிடப் பெரியது.

1607-ஆம் வருஷத்து மெஹருன்னிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 30. கணவன் அலி குலி, ஷேர் ஆப்கன் என்று பட்டப் பெயர். வங்காளத்தில் பர்த்வானில் வேலை. அவனை விசாரிக்க வந்த கவர்னர் குத்புதீனைக் குத்திவிட்டான். கூட வந்த ஆட்கள் அவனை அங்கேயே வெட்டிப் போட்டார்கள். இறந்த குத்புதீன் லேசுப்பட்ட ஆள் இல்லை, பேரரசருக்குப் பால் உறவில் சகோதரன். அதே சமயத்தில், இளவரசர் குஸ்ருவுக்காக நடந்த சதியில் சேர்ந்ததாக அவள் அண்ணன் ஒருவனுக்கு மரண தண்டனை. அப்பா கியாஸ் பேகும் சந்தேகத்தில் சிக்கிக் காவலில் இருந்து, அபராதம் கட்டி வெளியே வந்தவர்.

சுருக்கமாகச் சொன்னால், பேரரசரின் ஆளைக் கொன்றவனுடைய விதவை, துரோகி என்று தண்டிக்கப்பட்டவனின் தங்கை, கையில் லாட்லி என்கிற சின்னப் பெண் குழந்தை. இந்த நிலைமையில் ஆக்ரா அந்தப்புரத்துக்குள் வந்து சேர்கிறார். 1611-ல் ஜஹாங்கீருக்கும் அவருக்கும் திருமணம். நடுவில் நான்கு வருஷம்.

அந்த நான்கு வருஷத்தை நாவல் காதலால் நிரப்பிவிடுகிறது. சின்ன வயதிலேயே சலீம் மேல் ஆசை, பிரிவு, ஏக்கம், கடைசியில் சேர்தல். ஜஹாங்கீர் முன்னாலேயே காதலித்தார், அதற்காகவே கணவனைத் தீர்த்துக் கட்டினார் என்கிற கதை அந்தக் காலத்து ஆவணங்களில் இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுதியது. நாவலாசிரியருக்கு அதை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. சரி.

ஆனால் கல்யாணம் ஆகிவிட்டால் ஆபத்து முடிந்துவிடுமா என்ன? இருபதாவது மனைவிக்கு இருபத்தொன்றாவது மனைவி வராதா? அரசர் சாராயத்துக்கும் அபினுக்கும் அடிமை. அதை அவரே தன் நினைவுக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் கண்ணை மூடினால் பட்டத்துக்கு வருபவர் வேறொரு ராணியின் பிள்ளை. இதுதான் அரண்மனைப் பெண்ணின் உண்மையான ரிஸ்க். எங்கள் பேங்க் மொழியில் சொன்னால், மொத்தக் கடனையும் ஒரே பார்ட்டிக்குக் கொடுத்து வைத்திருக்கிற கிளை மாதிரி. அந்தப் பார்ட்டி படுத்தால் கிளையே படுத்துவிடும்.

நூர்ஜஹான் என்ன செய்தார்? 1611-லிருந்து 1627 வரை பதினாறு வருஷத்தைப் பார்த்தால், எல்லாவற்றையும் தன் பெயரில் செய்தார். உத்தரவுகள் அவர் பெயரில், அவர் முத்திரையோடு போயின. நாணயங்களில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் மட்டும் அரசர் பெயர்தான். அந்தக் கோட்டை அவர் தாண்டவில்லை.) ஜாகீர் நிலங்களின் வருவாய் வந்தது. வாணிபத்திலும் இறங்கினார். பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் போகிறவர்கள் நூர்மஹல் என்கிற ஊரைப் பார்த்திருக்கலாம். வழிப்போக்கர்களும் வியாபாரிகளும் தங்க அவர் கட்டிய சராய் இன்றும் அங்கே நிற்கிறது. 1615-லிருந்து 1619 வரை இங்கிலாந்து ராஜாவின் தூதராக இங்கே இருந்த தாமஸ் ரோ, காரியம் ஆக வேண்டும் என்றால் ராணியின் தயவு தேவை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

இது நூர்ஜஹான் கண்டுபிடித்த வழியும் இல்லை. அவருடைய மாமியார், அதாவது ஜஹாங்கீரின் அம்மா, மரியம் உஸ் ஸமானி. சினிமாக்காரர்கள் 'ஜோதா' என்று பெயர் வைத்து நம் தலையில் ஏற்றியவர். அக்பர் காலத்து வரலாற்று நூல்களில் அந்தப் பெயர் இல்லை. அந்த அம்மாவுக்குச் சொந்தமாக 'ரஹீமி' என்று ஒரு பெரிய கப்பல். ஹஜ் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு செங்கடலுக்குப் போய் வந்தது. 1613-ல் சூரத் பக்கத்தில் போர்த்துக்கீசியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜஹாங்கீர் டாமனை முற்றுகையிட ஆணையிட்டார், ஆக்ராவிலிருந்த பாதிரிமார் கோவிலை மூட வைத்தார். ஒரு பெண்ணின் கப்பல் போனதற்கு ஒரு பேரரசு கோபப்பட்டது! 2008-ல் வந்த படத்தில் அவர் வாள் சுற்றுகிறார், பாட்டுப் பாடுகிறார். கப்பல் மட்டும் வரவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். மொகலாய ஆட்சியில் பெரிய பதவியில் இருந்த பிரபு இறந்தால், அவன் சொத்து தானாகப் பிள்ளைக்குப் போகாது. கஜானா ஆட்கள் வந்து கணக்கெடுத்து முத்திரை வைப்பார்கள். அதில் குடும்பத்துக்கு எவ்வளவு என்பது அரசர் மனது. ஆனால் இஸ்லாமியச் சட்டப்படி மனைவியின் மெஹர், அவள் பெயரில் உள்ள நிலம், நகை எல்லாம் அவளுடையது, கணவனுடையது இல்லை. ஆக, அந்த வீட்டில் நாளைக்கும் நிற்கக் கூடிய சொத்து என்றால் அது பெண்ணின் பெயரில் இருப்பதுதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள்.

1622-ல் நூர்ஜஹானின் அப்பா, இதிமாத் உத் தௌலா என்று பட்டம் பெற்று பேரரசின் பெரிய மந்திரியாக இருந்த கியாஸ் பேக், காலமானார். ஜஹாங்கீர் அவருடைய சொத்தையும் பரிவாரத்தையும் நூர்ஜஹானிடம் கொடுத்தார். பதவியிலும் செல்வாக்கிலும் இருந்த அண்ணன் ஆசப் கான் இருக்கும்போதே! அப்பா அம்மாவுக்காக அவர் ஆக்ராவில் யமுனைக்கு அக்கரையில் வெள்ளைச் சலவைக்கல்லில், வண்ணக் கற்களைப் பதித்துக் கட்டிய சமாதி, தாஜ்மகாலுக்கு முந்தியது. உள்ளூர்க்காரர்கள் 'பேபி தாஜ்' என்பார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைத் தாஜ்மகாலுக்குக் கூட்டிப் போய் அலுத்துப் போன தில்லித் தமிழர்கள் எத்தனை பேர் ஆற்றைத் தாண்டி இதைப் பார்த்திருக்கிறீர்கள்? தாஜ், கணவன் மனைவிக்குக் கட்டியது. இது, மகள் பெற்றோருக்குக் கட்டியது. பெண் பிள்ளை பெற்றவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இங்கே நியாயமாக ஒரு மறுப்பு வரும். "இவ்வளவு சம்பாதித்து என்ன பயன்? கடைசியில் தோற்றுப் போனாரே!"

ஆமாம், தோற்றுத்தான் போனார். 1626-ல் மஹாபத் கான் ஜீலம் நதிக் கரையில் பேரரசரையே சிறைப்பிடித்தபோது, யானை மேல் ஏறி ஆற்றுக்குள் இறங்கிச் சண்டை போட்டவர். அதில் ஜெயிக்கவில்லை; பிறகு சரணடைந்து, உள்ளேயே இருந்து காய் நகர்த்திக் கணவரை மீட்டார். அடுத்த வருஷம், 1627 அக்டோபரில், ஜஹாங்கீர் இறந்தார். நூர்ஜஹான் தன் மருமகன் ஷஹ்ரியார் பட்டத்துக்கு வர வேண்டும் என்று நினைத்தார். ஆசப் கானோ தன் மருமகன் குர்ரம், அதாவது ஷாஜஹான், வர வேண்டும் என்று வேலை செய்தார். அண்ணன் ஜெயித்தார். ஷஹ்ரியாரின் கண்களைக் குருடாக்கினார்கள். 1628 தொடக்கத்தில் அவரையும், இடைக்கால அரசராக உட்கார வைத்திருந்த தாவர் பக்ஷையும், பட்டத்துக்குப் போட்டியாக வரக் கூடிய மற்றவர்களையும் கொன்றார்கள்.

நூர்ஜஹானைக் கொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் மானியம். லாகூரில், விதவையான மகள் லாட்லியோடு, 1645 வரை இன்னும் பதினெட்டு வருஷம் வாழ்ந்தார். தன் சமாதியைத் தானே கட்டி வைத்துக்கொண்டு போனார்.

ஏன் கொல்லவில்லை? பெண்ணால் சிம்மாசனத்தில் உட்கார முடியாது, ஆகவே அவரால் போட்டி இல்லை. இதுதான் நேரான பதில். அண்ணன் எதிர்க் கட்சியின் தலைவராக இருந்தது இன்னொரு காரணம். பணம் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது என் தொழில் புத்தி, உண்மை ஆகாது. இதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஆனால் இதற்குள்ளேயே என் வாதமும் இருக்கிறது. அரண்மனையில் ஆணுக்கு ஆபத்து கத்தியில் வந்தது. பெண்ணுக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு விதமாக வந்தது. காவல், மறதி, யாரோ போடும் சோற்றுக்குக் காத்திருக்கும் நிலை. உயிர் பிழைப்பது ஒன்று, மரியாதையோடு பிழைப்பது இன்னொன்று. அந்த இரண்டாவதை முடிவு செய்தது அவள் பெயரில் என்ன இருந்தது என்பதுதான்.

ஷாஜஹானின் பெண்கள் இரண்டு பேரைப் பாருங்கள். மூத்தவர் ஜஹானாரா. 1631-ல் அம்மா மும்தாஜ் இறந்தபோது வயது 17. மும்தாஜ் விட்டுப் போன சொத்தில் பாதி ஜஹானாராவுக்கு, மீதிப் பாதிதான் மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும். சூரத் துறைமுகத்து வருவாய் பிறகு அவருக்கு வந்தது. 'சாஹிபி' என்று சொந்தக் கப்பல். நாம் கல்யாண ஜவுளிக்கு அலைகிற சாந்தினி சௌக் அவர் உத்தரவில் உருவான கடைத்தெரு. தம்பி ஔரங்கசீப்புக்கு எதிராகத் தாரா ஷுகோ பக்கம் வெளிப்படையாக நின்றார். தாரா தோற்ற பிறகு, 1658-லிருந்து 1666 வரை ஆக்ரா கோட்டையில் சிறையிருந்த அப்பாவோடு தானும் இருந்தார். அப்பா போன பிறகு என்ன ஆனது தெரியுமா? அதே ஔரங்கசீப் அவரைத் திரும்ப அழைத்துப் பாத்ஷா பேகம் ஆக்கினார். 1681 வரை மரியாதையோடு இருந்தார்.

தங்கை ரோஷனாரா ஜெயித்த பக்கத்தில் இருந்தவர். ஔரங்கசீப்புக்காக அரண்மனைக்குள் இருந்து வேலை செய்தவர். ஆனால் பின்னால் தம்பியின் ஆதரவை இழந்து, 1671-ல் ஒதுங்கிய நிலையில் இறந்தார். ஜெயிக்கிற ஆணின் பக்கம் நின்றால் பிழைக்கலாம் என்பது நாவல் நியாயம். சரித்திரம் அப்படிப் போகவில்லை. ஒருவருக்குத் தன் சொந்த நிலை இருந்தது. இன்னொருவருக்குத் தம்பியின் தயவு இருந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டுதான், சொத்து மட்டுமே என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கணக்கில் அது பெரிய தொகை.

நம்ம ஊர்க் கதைக்கும் இது பொருந்தும். நந்தினி கல்கியின் கற்பனை. குந்தவை கற்பனை இல்லை. நாவலில் அவர் ஓடத்தில் போகிறார், வந்தியத்தேவனோடு பேசுகிறார், நாமும் மயங்குகிறோம். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டிலோ அவர் கொடுத்த திருமேனிகள், நகைகள், பொன் எடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. காசை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்து, அந்த வட்டியில் கோவில் செலவு நடக்கும்படி ஏற்பாடு. நம்ம எஃப்.டி.யேதான்! அவருக்கு முன்னால் செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் போன பிறகு பல அரசர்கள் மாறிய காலம் முழுக்க, செங்கல் கோவில்களைக் கற்றளியாக்கித் தன் பெயரைக் கல்லில் வைத்துக்கொண்டே போனவர். ஆதித்த கரிகாலன் கொலை நடந்த வீட்டில்தான் இந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

"கணக்குப் புத்தகத்தை வைத்து யாரய்யா நாவல் எழுதுவது? யார் படிப்பது?" என்பீர்கள். நியாயம். இந்து சுந்தரேசனே இரண்டாம் பாகமான 'தி ஃபீஸ்ட் ஆஃப் ரோஸஸ்'-ல் ஆட்சியைத்தான் சொல்கிறார். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணிலிருந்து அவள் தோழிகள் வரை எல்லோரும் பிடித்துக்கொள்வது முதல் பாகம். குறை எழுதுபவரிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது. 2018-ல் ரூபி லால் எழுதிய 'எம்ப்ரஸ்' என்ற நூர்ஜஹான் வரலாறு வந்தது. நாவலுக்குக் குறையாத சுவாரசியம். பாபரின் மகள் குல்பதன் பேகம் தானே எழுதிய 'ஹுமாயூன் நாமா'வும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. 1539-ல் சௌசா போரில் தோற்று ஓடும்போது தொலைந்து போன பெண்களைப் பற்றி, ஹுமாயூனின் சின்ன மகள் அகீகா உட்பட, அதில் படித்தால் விஷக் கோப்பையெல்லாம் விளையாட்டாகத் தெரியும்.

சரி, இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம்?

இருபது வருஷத்துக்கு மேல் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கணவர் திடீரென்று போய்விட்ட பிறகு பேங்குக்கு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப் பெண்களும் உண்டு. கூட ஒரு மைத்துனரோ அண்ணனோ வந்திருப்பார். கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வார். அந்த அம்மாவுக்கு எத்தனை கணக்கு, எங்கே லாக்கர், யார் நாமினி, எதுவும் தெரியாது. "எங்க கையெழுத்துப் போடணும் சார்?" அவ்வளவுதான் கேட்பார்கள். படித்தவர்கள், சமையலில் கால் ஸ்பூன் உப்பு கூடினால் கண்டுபிடிப்பவர்கள். மாற்றலாகி மாற்றலாகி, பாஷை தெரியாத ஊர்களில் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள். காகிதத்தில் மட்டும் பெயர் இல்லாதவர்கள்.

அப்போதெல்லாம் எனக்கு எங்கள் ஃபாரத்தில் இருக்கிற ஒரு வரி நினைவுக்கு வரும். கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தொடங்கினால் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். இருவரில் ஒருவர், அல்லது உயிரோடு இருப்பவர். அந்தக் கட்டத்தில் ஒரு டிக் இருந்தால், மற்றவர் போன மறுநாளும் அவள் கையெழுத்து செல்லும். இல்லையென்றால் சான்றிதழுக்கு அலைய வேண்டும், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அந்த மைத்துனரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நூர்ஜஹானுக்கு முத்திரை எதுவோ, இவர்களுக்கு இந்த டிக் அதுதான்.

அதனால்தான் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் இந்த நாவல்களைப் படிக்கட்டும். தடுக்காதீர்கள். படித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ பேர்ல என்னம்மா இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கதை வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

அன்று ராத்திரி இந்த ஞானோதயத்தின் வேகத்தில் பீரோவிலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு தங்கமணி முன்னால் உட்கார்ந்தேன். "இங்க பாரு, நம்ம கணக்கு வழக்கெல்லாம் உனக்கும் தெரியணும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலைப் புரட்டினார். இரண்டு நிமிஷம் கழித்து ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் எடுத்த ஒரு பாலிசி. நாமினி என்ற இடத்தில், எட்டு வருஷத்துக்கு முன் காலமான என் அம்மாவின் பெயர்.

"ஊருக்கு உபதேசமா?" என்றார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு அதை மாற்றிவிட்டு வந்தேன். நீங்களும் இன்றைக்கே ஒரு தடவை ஃபைலை எடுத்துப் பாருங்கள்.